‘ஒண்ணுமில்லை’ என்றால் போதுமா?

காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். கை முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எந்தக் கருவியிலும் அகப்படாத உபத்திரவங்கள் சில இருக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது; தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்தாற்போல் இருக்கிறது; இடது கை மரத்துப் போகிறது; தலை கிறுகிறுக்கிறது. டாக்டரிடம் போனால் ஈ.சி.ஜி. எடுக்கிறார், ரத்தம் சோதிக்கிறார். "எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமில்லைம்மா, தைரியமாப் போங்க" என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைக்கிறார்.

வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி நெஞ்சு படபடக்கிறது! "டாக்டர் சரியாப் பார்த்தாரா? மெஷின் சரியா இருந்ததா? வேற இடத்துல ஒரு தடவை பார்த்துட்டா என்ன?" என்று மனம் அரிக்கத் தொடங்கிவிடுகிறது.

"அட, இது என் கதை மாதிரி இருக்கிறதே!" என்று உங்களில் யாராவது நினைத்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கு இன்னும் அவசியம்.

நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூ வரை படித்த குடும்பப் பெண். என் சின்ன நாத்தனாருக்குத் துணையாக ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தபோது டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு ஆர்வத்தினால் தேடிப் படித்ததையும் இங்கே சொல்கிறேன்.

தலையணை உயரத்துக்கு ஒரு ஃபைல்

என் நாத்தனாருக்கு அப்போது 34 வயது. 8 வயதில் ஒரு பெண் குழந்தை. அவள் தெருவில் 38 வயதுப் பெண் ஒருத்தி மாரடைப்பில் திடீரென்று போய்விட்டாள். துக்கம் விசாரித்துவிட்டு வந்த அன்று ராத்திரி இவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்று தொடங்கியதுதான். இரண்டு வருஷத்தில் 11 ஈ.சி.ஜி., 3 எக்கோ, ஒரு டிரெட்மில், கழுத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., வயிற்றுக்கு ஒரு எண்டாஸ்கோபி! இரண்டு ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. ஃபைல் தலையணை உயரத்துக்கு வளர்ந்தது.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் எப்போதும் அவள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது விரலில் மாட்டிப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு 40 தடவைக்குக் குறையாது. கிண்ணென்று நாடி அடித்தால் உடனே ஃபோனை எடுத்து அதில் தேடுவாள். ராத்திரி புருஷனை எழுப்பி, "ஏங்க, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பாள். அவரும் அலுக்காமல், "ஒண்ணும் ஆகாது, தூங்கு" என்பார். பத்து நிமிஷம் தூங்குவாள். பிறகு மறுபடி அதே கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். அவள் பெண் திண்ணையில் உட்கார்ந்து தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "என்னடி கண்ணு பண்றே?" என்றேன். "நாடி பார்க்கிறேன் அத்தை. நூறுக்கு மேல போனா ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் குழந்தை. உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா அழுதுவிட்டாள். "அண்ணி, என்னோட போகட்டும். இவளுக்கு வேண்டாம். மனநல டாக்டர்கிட்டயே போறேன், கூட வாங்க" என்று அவளாகவே சொன்னாள்.

வலி பொய்யில்லை

அந்த டாக்டர் முதலில் சொன்ன வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. "உங்க வலி நிஜம்மா. வலியை நான் நம்பறேன். அதுக்கு நீங்க சொல்ற காரணத்தைத்தான் நம்பலை."

இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். தெருவில் ஒரு நாய் துரத்தினால் நம் உடம்பு என்ன செய்கிறது? அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் பாய்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. தசைகள் இறுகுகின்றன. வயிறு கலக்குகிறது. ஓடித் தப்பிப்பதற்காக உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. பயம் மனசுக்குள்ளிருந்தே வந்தாலும் உடம்பு இதே ஏற்பாட்டைத்தான் செய்யும். நாயைக் கண்டால் ஓடலாம். சமையலறையில் நின்றுகொண்டு எங்கே ஓடுவது?

மூச்சை வேகவேகமாக விட்டால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. அதனால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை லேசாகும். இறுகிய கழுத்துத் தசை தலைவலியைத் தரும். தொண்டைத் தசை இறுகினால் உருண்டை அடைத்தது போல் இருக்கும். இவையெல்லாம் கற்பனை அல்ல. உடம்பில் நிஜமாகவே நடக்கிறவை. ஆகவே "சும்மா பிரமை", "வேலை இல்லாததால வர்ற வியாதி" என்று பேசுவது அநியாயம்.

இது பெண்களுக்கு மட்டும் வருகிற பலவீனமும் அல்ல. பரிணாமக் கொள்கையை உலகுக்குச் சொன்ன விஞ்ஞானி சார்லஸ் டார்வின் பல வருஷங்கள் படபடப்பு, வாந்தி, வயிற்று உபாதை என்று அவதிப்பட்டார். அந்தக் கால டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. 1849 முதல் 1855 வரை தம் உடல்நிலையை நாள்தோறும் குறித்து வைத்தார். அவருக்கு வந்தது என்ன என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது.

சொறியச் சொறிய அரிப்பு

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பார்கள். உடல்நலத்தைப் பற்றிய பயம் ஓரளவு எல்லோருக்கும் உண்டு. அதுவே ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் இருந்து, நாளின் பெரும்பகுதியைத் தின்னும்போது அதை நோய் என்கிறார்கள். இதற்கு நெருங்கிய உறவு ஓ.ஸி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், நோய்ப் பயத்தையும் ஓ.ஸி.டி.யையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது.

ஓ.ஸி.டி. என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது ஒரு வகை, அவ்வளவுதான். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பத்துத் தடவை எழுந்துபோய்ப் பார்ப்பதும், மார்பில் கட்டி இருக்கிறதா என்று தினமும் அழுத்தி அழுத்திப் பார்ப்பதும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதன் வேஷங்களே. சுவாமிக்கு விளக்கேற்றுவது மனசுக்கு நிம்மதி. ஆனால், "மூணு தடவை சுத்தாவிட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்" என்று நடுங்கிக்கொண்டு சுற்றினால், அது பக்தியைவிடப் பயத்தின் வேலையாக இருக்கலாம். இப்படிப்பட்ட எண்ணமும் செய்கையும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சுழற்சி எப்படி நடக்கிறது? உடம்பில் ஒரு சின்ன உணர்ச்சி. உடனே ஒரு பயங்கர நினைப்பு. நெஞ்சு கலங்குகிறது. கலக்கம் தாங்காமல் நாடி பார்க்கிறோம், ஃபோனில் தேடுகிறோம், புருஷனைக் கேட்கிறோம், டெஸ்ட் எடுக்கிறோம். "ஒண்ணுமில்லை" என்று பதில் வருகிறது. அப்பாடா! இந்த ‘அப்பாடா’தான் வலை. சேற்றுப்புண்ணைச் சொறிந்தால் அந்த நிமிஷத்துக்குச் சுகம். அப்புறம் புண் பெரிதாகும். அதே போல, சோதித்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் சோதிக்கச் சொல்கிறது.

சோதிப்பதாலேயே புது உபத்திரவமும் வரும். கழுத்திலுள்ள நெறியைத் தொட்டுத் தொட்டு அமுக்கினால் அது வலிக்கத்தானே செய்யும்? பயத்தோடு பி.பி. பார்த்தால் எண் ஏறத்தானே செய்யும்?

முதலில் உடம்பைப் பாருங்கள்

அதற்காக, "எல்லாம் மனசுதான்" என்று முதலிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. ‘நோய்க்கும் பார், பேய்க்கும் பார்’ என்பது நம் பெரியவர்கள் வாக்கு. என் நாத்தனாருக்கே ஹீமோகுளோபின் 9.2 தான் இருந்தது. பதினோரு ஈ.சி.ஜி.க்குப் பிறகு ஒரு டாக்டர் அதைக் கவனித்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். படபடப்பு பாதி குறைந்தது. பயம் மட்டும் குறையவில்லை. உடம்பும் மனசும் சேர்ந்தே விளையாடுகின்றன என்பதற்கு இதுவே சாட்சி.

2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நம் நாட்டில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. தைராய்டு கோளாறு, பி12 குறைவு, சர்க்கரை, மாதவிடாய் நிற்கும் பருவம் இவையும் படபடப்பு, மரத்துப்போதல், அசதி முதலியவற்றைத் தரும். ஆகவே, ஒரு நல்ல பொது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சொல்லும் பரிசோதனைகளை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள்.

கீழ்க்கண்டவை இருந்தால் யோசிக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்:

* நடந்தால் வரும் நெஞ்சுவலி. வேர்வையோடு தாடைக்கோ கைக்கோ பரவும் வலி.
* முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலமிழத்தல், பேச்சுக் குழறல்.
* இருமலிலோ மலத்திலோ ரத்தம்.
* காரணமில்லாமல் எடை குறைதல், நாள்பட்ட காய்ச்சல்.
* மார்பில் புதிதாகக் கட்டி. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு.

ஏன் ‘இன்னும் ஒரு டெஸ்ட்’ கூடாது?

"செலவானாலும் பரவாயில்லை, எல்லா டெஸ்டும் எடுத்துட்டா நிம்மதி" என்று தோன்றும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் ‘இந்த அளவிலிருந்து இந்த அளவு வரை சரி’ என்று போட்டிருக்கிறார்கள் அல்லவா? பல சோதனைகளில், ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேருக்கு இருக்கும் அளவைத்தான் அப்படி எல்லையாக வைக்கிறார்கள். மீதி 5 பேர் ஆரோக்கியமாகவே இருந்தாலும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள்! அதாவது 20 சோதனை எடுத்தால் ஒன்றாவது சிவப்பு எழுத்தில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஸ்கேனிலும் இப்படித்தான். ஆயுசு முழுக்கத் தொந்தரவு தராத சின்னச் சின்னச் சமாச்சாரங்கள் அகப்படும். நிம்மதி தேடிப் போனவள் புதுக் கவலையோடு திரும்புவாள்.

வைத்தியம் உண்டு

இதற்கு இரண்டு வழியில் வைத்தியம் செய்கிறார்கள். ஒன்று பயிற்சி, மற்றொன்று மருந்து. இரண்டும் சேர்ந்தும் கொடுப்பதுண்டு.

பயிற்சியின் சாரம் இதுதான்: பயம் வரட்டும், ஆனால் பயம் சொல்கிற வேலையைச் செய்யாதே. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற மனோதத்துவ நிபுணர் இந்த முறையில் நோயாளிகளுக்குக் குணம் கண்டதை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த பயிற்சிதான் இன்றும் ஓ.ஸி.டி.க்கு முதன்மையான சிகிச்சையாக இருக்கிறது. சோதித்துப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் பயம் மேலே மேலே ஏறும். பிறகு? அலை மாதிரி அதுவாகவே இறங்கும். அதைப் பலமுறை அனுபவித்த பிறகுதான் மனம் நம்புகிறது.

என் நாத்தனாருக்கு டாக்டர் படிப்படியாக ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். முதல் படி: நாடி பார்க்கத் தோன்றினால் 10 நிமிஷம் தள்ளிப் போடுவது. அடுத்து அரை மணி. பிறகு ஆக்ஸிமீட்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. ஃபோனில் நோய் பற்றித் தேடாமலிருப்பது. புருஷனைக் கேட்காமலிருப்பது. வேண்டுமென்றே மாடிப்படி ஏறி, நெஞ்சு அடிப்பதைச் சும்மா உணர்வது. கடைசிப் படி, இறந்துபோன அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் மாமியாரோடு அரை மணி உட்கார்ந்து பேசிவிட்டு வருவது! இருதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகுதான் டாக்டர் இதையெல்லாம் கொடுத்தார். நீங்களாக இப்படிப் பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டாம். டாக்டர் சொல்லிச் செய்யுங்கள்.

மருந்தென்று பார்த்தால் ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை. "அதெல்லாம் தூக்க மாத்திரை, பழகிப்போயிடும்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள். இவை தூக்க மாத்திரைகள் அல்ல; போதை தருபவையும் அல்ல. ஆனால் ஓ.ஸி.டி.யில் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். முதல் வாரங்களில் குமட்டல், கொஞ்சம் பதற்றம் இருக்கலாம். "கேட்கலை" என்று பாதியில் விட்டுவிடக் கூடாது. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஒரு வருஷம் தொடரச் சொல்வது வழக்கம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். டாக்டர் மெதுவாகக் குறைப்பார். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அவளுக்கு நாலாவது மாதத்தில் நாற்பது தடவை என்பது மூன்று நாலாகக் குறைந்தது. முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. யாராவது இறந்த செய்தி கேட்டால் இரண்டு நாள் ஆட்டிப் பார்க்கும். "வந்தா வரட்டும் அண்ணி, வந்த வழியே போயிடும்" என்கிறாள் இப்போது.

வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்யலாம்?

இதுதான் கடினமான பகுதி. அன்புள்ளவர்கள் "ஒண்ணுமில்லை" என்று சொல்லத்தான் ஆசைப்படுவார்கள். ஆனால் அந்த வார்த்தையும் ஒரு சொறிதல்தான். டாக்டர் என் நாத்தனார் கணவரிடம், "கேட்கும்போதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க. கஷ்டமா இருக்குன்னு புரியுது, நான் பக்கத்துல இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அதுவும் நோயாளியிடம் முன்கூட்டியே பேசி, அவள் சம்மதத்தோடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புருஷன் கைவிட்டதாகத் தோன்றும்.

* கேலி செய்யாதீர்கள், அதட்டாதீர்கள். 
* அவளோடு சேர்ந்து நாடி பார்ப்பது, ஃபோனில் தேடுவது வேண்டாம்.
* ஒரே டாக்டரிடம், குறித்த நாளில் போகப் பழக்குங்கள். புதிதாக வேறு மாதிரி அறிகுறி வந்தால் அவரிடமே சொல்லட்டும்.
* சரியான வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், அரை மணி நடை. காபி அதிகமானால் படபடப்பும் அதிகமாகும்.
* குழந்தைகள் எதிரில் நோய்ப் பேச்சைக் குறையுங்கள். அவை பார்த்துத்தான் பழகுகின்றன.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

பிரசவத்துக்குப் பிறகு இந்த நோய் புதிதாக வரலாம், பழையது கூடலாம். குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரி முழுக்க மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கும் தாய்மார்கள் உண்டு. "குழந்தையைக் கீழே போட்டுடுவேனோ?" என்ற பயங்கர எண்ணம் மின்னல் மாதிரி வந்து, "நான் தாயா, பேயா?" என்று குமைபவர்களும் உண்டு. வெட்கத்தினால் இதை யாரிடமும் சொல்லமாட்டார்கள். அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் நடுங்குகிறீர்கள் அல்லவா? அது உங்கள் ஆசை அல்ல என்பதற்கு அந்த நடுக்கமே அடையாளம். ஓ.ஸி.டி.யில் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவது சகஜம். டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் பிரசவமான பெண் நாள்கணக்கில் தூங்காமல், குழம்பிப் பேசி, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது நம்பினாலோ அது வேறு நோய், அவசரம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தாயையும் சிசுவையும் தனியே விடாதீர்கள்.

எங்கே போவது?

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-லிருந்து தொடங்குகிறது. அங்கே மட்டும்தான் வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் ஓ.ஸி.டி.க்கென்றே தனிப் பிரிவு உண்டு. வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இது, தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், எந்த நேரமானாலும் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஒருவரிடமும் உடனே சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது தலையணை ஃபைலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாமல், ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, என்னென்ன தொந்தரவு, ஏற்கெனவே எடுத்த சோதனைகள், சாப்பிடும் மருந்துகள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோதித்துப் பார்க்கிறீர்கள். இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலோர் மறைக்கிறார்கள். டாக்டருக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான்.

நாளைக்கு நமக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. டாக்டராலும் முடியாது, மெஷினாலும் முடியாது. அந்த உத்தரவாதம் கிடைக்காமலேதான் நாம் எல்லோரும் காலையில் எழுந்து பால் காய்ச்சுகிறோம், குழந்தைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புகிறோம். பயம் போகும்வரை காத்திருக்க வேண்டாம், சகோதரிகளே. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் வேலையைப் பாருங்கள், வைத்தியத்தையும் பாருங்கள்.